விதியும் விழிப்பும்

எதிர்பாராத விபத்தில் உயிர்கள் மாண்டபின் உலகத்தார் வாயில் எழும் சொற்கள் பெரும்பாலும் இரண்டு. "யார் செய்த குற்றம் இது?" என்பது ஒன்று. "எல்லாம் விதி, யார் என்ன செய்ய முடியும்?" என்பது மற்றொன்று. முன்னது யாரேனும் ஒருவரை நிறுத்திப் பழி முழுவதையும் அவர் தலையில் ஏற்றுகிறது. பின்னது எவர்மீதும் பொறுப்பை வைக்காமல் அமைதி தேடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே அறநெறி காட்டும் வழி வேறு உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நம் தமிழ்நாட்டு மலைகளில், மேகம் சூழ்ந்த வேளையில் நேர்ந்த வானூர்தி விபத்துகள் இரண்டினை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கடலோரச் செங்கற்பட்டு மாவட்டத்தாருக்கு மலை விபத்தைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று சிலர் எண்ணக்கூடும். வானம் எல்லோருக்கும் பொதுவானது. இன்று நம் மாவட்டத்தில் அடங்கியுள்ள தாம்பரத்தின் விமானப்படைத் தளத்திலிருந்து 2016 ஜூலை 22 அன்று போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்ட ஏ.என். 32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின்மேல் மறைந்தது. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தென்பட்டன என்று 2024 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. காணாமற்போனவர்களின் குடும்பத்தார் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரு துண்டுச் சான்றும் இன்றிக் காத்திருந்தனர். அங்கே நடந்ததைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லையாதலால், அதைப் பற்றித் தீர்ப்புரைக்க நாம் துணியோம். காரணம் ஓரளவேனும் வெளியான மலை விபத்துகளையே இங்கு நோக்குவோம்.

மேகம் மறைத்த மலைகள்

1971 டிசம்பர் 9. நாடு போர்ச் செய்திகளில் மூழ்கியிருந்த நேரம். திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், இறங்குவதற்காகத் தாழ்ந்து வருகையில், சின்னமனூரை அடுத்த மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் மாண்டனர், பதின்மர் பிழைத்தனர். பகற்பொழுதுதான், ஆயினும் பார்வை தெளிவாக எட்டாத வானிலை. சின்னமனூரிலிருந்து ஏறிச் செல்லும் மலைக்கு மேகமலை என்றே பெயர் வழங்குவதை இங்கு நினைவு கூரலாம்.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள் நிறைய ஒரே ஒரு நாள் இருக்கையில், 2021 டிசம்பர் 8 அன்று நீலகிரியில் நேர்ந்தது மற்றொன்று. கோவை மாவட்டம் சூலூர் தளத்திலிருந்து முற்பகல் 11.48 மணிக்குப் புறப்பட்ட எம்.ஐ. 17 வி 5 வகை ஹெலிகாப்டர், 12.15 மணிக்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். அங்குள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றுவதற்காக முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்றுகொண்டிருந்தார். அவருடைய மனைவியார் மதுலிகா ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தனர். ஏறத்தாழ 12.08 மணிக்குத் தொடர்பு அறுந்தது. சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் ஏழு நிமிடமே இருந்த நிலையில், குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரம் என்னும் சிற்றூரின் பக்கத்தில் அது விழுந்து எரிந்தது. பதின்மூவர் அன்றே மாண்டனர். தீக்காயங்களுடன் மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். ஓசை கேட்டு ஓடிவந்த அவ்வூர் எளிய மக்கள், குடத்துத் தண்ணீரையும் வீட்டுக் கம்பளிகளையும் கொண்டு தம்மால் இயன்ற உதவியைச் செய்தனர்.

முப்படை விசாரணை மன்றத்தின் முதற்கட்ட முடிவுகள் 2022 ஜனவரியில் வெளியாயின. இயந்திரக் கோளாறும், சதியும், கவனக்குறைவும் காரணமல்ல என்று அவை கூறின. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராத வகையில் மாறியதால் ஊர்தி மேகத்துள் புகுந்தது. விமானிக்கு நிலையுணர்வு மயங்கியது. அதனால் ஊர்தி தரையில் மோதியது என்பது அம்முடிவு. பின்னர் 2024 டிசம்பரில், பாராளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு அளித்த அறிக்கையின் பட்டியலில், இவ்விபத்தின் காரணம் வானூர்திக் குழுவினரின் மனிதத் தவறு என்று குறிக்கப்பட்டது.

கவனக்குறைவு இல்லை என்றது ஓர் ஆவணம். மனிதத் தவறு என்றது மற்றோர் ஆவணம். செய்தித்தாளில் இவற்றைப் படித்தவர்கள் இரண்டும் முரண்படுகின்றன என்றே கருதியிருப்பர். முரண்படுகின்றனவா என்று பார்க்கும்முன், மேகத்துள் புகுந்த மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் அறிய வேண்டும்.

உடல் சொல்லும் பொய்

ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது குளிர்கிறது. குளிர்ந்ததும் அதன் ஈரம் மேகமாகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குன்னூர், கோத்தகிரி முதலிய கீழைச் சரிவுகள் இக்காற்றை நேராக ஏற்கின்றன. கண்ணெதிரே தெளிவாகக் கிடந்த பள்ளத்தாக்கு சில நிமிடங்களில் வெண்திரைக்குள் மறைந்துவிடுவதை அம்மலைகளுக்குச் சென்றவர் அறிவர்.

நம் உட்செவியில் அரைவட்டக் குழல்கள் மூன்று உள்ளன. அவற்றினுள் இருக்கும் நீர்மத்தின் அசைவுதான் நாம் திரும்புவதையும் சாய்வதையும் மூளைக்கு அறிவிக்கிறது. திருப்பம் ஒரே சீராகச் சற்று நேரம் நீடித்தால் அந்நீர்மமும் உடன் சுழன்று, அசைவே இல்லாததுபோல் ஆகிவிடும். அப்போது சாய்ந்து வளைந்து செல்பவருக்குத் தாம் நேராகச் செல்வதாகவே தோன்றும். தரையில் இப்பிழையைக் கண் திருத்திவிடுகிறது. மேகத்துள் கண்ணுக்கு நிலமும் இல்லை, தொடுவானமும் இல்லை. தம் உடம்பு உறுதியாகச் சொல்வதை நம்பாமல், எதிரே உள்ள கருவிகள் காட்டுவதை நம்ப வேண்டிய நிலை விமானிக்கு ஏற்படுகிறது.

இதன் கடுமையைக் காட்டும் ஆய்வு ஒன்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்து 1954இல் வெளியாயிற்று. கருவிகளை மட்டும் கொண்டு ஓட்டும் பயிற்சி பெறாத 20 பேரை, வெளிக்காட்சி தெரியாதவாறு செய்து விமானம் ஓட்டச் சொன்னார்கள். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 நொடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை. நீலகிரியில் ஓட்டியவரோ நன்கு பயின்ற போர்ப்படை விமானி. பயிற்சி இந்த மயக்கத்தை அடக்க உதவுமே தவிர, செவியின் இயல்பை மாற்றிவிடாது. அதுவும் இருபுறமும் மலை நிற்கும் பள்ளத்தாக்கில், தவற்றை உணர்ந்து திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

ஆகவே மனிதத் தவறு என்னும் சொல்லும், கவனக்குறைவு என்னும் சொல்லும் ஒன்றல்ல. மனிதர் என்ற காரணத்தால் நேர்வது முன்னது. மனிதர் தம் கடமையில் தளர்ந்ததால் நேர்வது பின்னது. காரணங்களை வகைப்படுத்தும் பட்டியலில் முன்னது ஒரு வகைப்பெயர். அதை ஒழுக்கத்தின்மேல் இட்ட கறையாகப் படிப்பது முறையன்று. இறந்துபோன விமானி மறுமொழி கூற முடியாதவர். அவரைப் பற்றி ஒரு சொல்லைப் பயன்படுத்துமுன் அச்சொல்லின் எடையை அறிந்துகொள்வது உயிரோடிருப்பவர் கடன்.

அறநூல் தரும் அளவுகோல்

இவ்வேறுபாட்டை நம் சமயப் பெரியோர் மிகப் பழங்காலத்திலேயே தெளிவாகக் கண்டிருந்தனர். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் போயிற்றா என்பதை மட்டும் கணக்கில் கொள்ளவில்லை; அது விழிப்பற்ற மனநிலையால் போயிற்றா என்பதையும் சேர்த்தே நோக்குகிறது. ஈர்யா சமிதியைக் காக்கும் முனிவர் பகலொளியில், முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்தே அடியெடுத்து வைக்கிறார். அவ்வாறு நடக்கையிலும், தூக்கிய பாதத்தின்கீழ் எதிர்பாராமல் ஒரு சிற்றுயிர் வந்து மாளக்கூடும். அவருக்கு இம்சையின் குற்றம் சாராது என்பர் ஆசாரியர். எங்கோ பார்த்தபடி நடப்பவர் அடியில் ஓர் எறும்பும் சாகாமலிருக்கலாம். ஆயினும் அவர் இம்சை செய்தவரே என்பர்.

விழிப்பின்மையைக் குறிக்க நூல்கள் ஆளும் வடசொல் பிரமாதம் என்பது. தமிழ்ப் பேச்சுவழக்கில் அச்சொல் மிகச் சிறப்பானது என்று பொருள் மாறி நிற்பதை வகுப்பில் மாணவியருக்குச் சுட்டிக்காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் சிந்திக்கத்தக்க மாற்றம் இது. ஆபத்தான செயல் ஒன்று நன்றாக முடிந்துவிட்டால், அதிலிருந்த பிரமாதத்தை மறந்து "பிரமாதம்!" என்று கைதட்டுபவர்கள்தாமே நாம்?

விதியைப் பற்றியும் ஒரு சொல். வினைக்கொள்கையை நம்புகிற நாம் எல்லாவற்றையும் விதியின்மேல் போடலாம் என்று எண்ணுவது அக்கொள்கையையே தலைகீழாகப் புரிந்துகொள்வதாகும். வினை என்பது வெளியிலிருந்து யாரோ விதித்த ஆணை அன்று. உயிர் தானே செய்வது, தானே துய்ப்பது. இன்றைய விழிப்பும் வினை, இன்றைய சோம்பலும் வினை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறளே பொச்சாவாமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரங்களை வகுத்திருக்கிறது. மறதியின்றி இருத்தலும் இடைவிடா முயற்சியும் ஊழை நம்புவோர்க்கும் உரிய கடமைகள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

விபத்து நேராத நாள்

விளைவைக் கொண்டு குற்றத்தை அளக்கக்கூடாது என்னும் இக்கொள்கை முதலில் இறந்தவரைக் காக்கிறது. உரிய விழிப்போடு சென்றும் மாண்டவரைக் குற்றவாளி ஆக்காதே என்கிறது. அதே கொள்கைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அது பிழைத்தவரை, அதாவது நம்மை, விசாரிக்கிறது.

மூடிய மேகத்துள் துணிந்து புகுந்து, நல்வாய்ப்பால் மறுபுறம் வெளிவந்த ஒரு பயணத்தை எண்ணிப் பாருங்கள். இறங்கியதும் கைகுலுக்கலும் பாராட்டும் கிடைக்கும். விசாரணை மன்றம் அமையாது. ஓட்டியவர் உள்ளத்தில் "சென்ற முறையும் இப்படித்தான் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற எண்ணம் வேரூன்றும். அடுத்த முறை அதைவிடச் சற்று அடர்ந்த மேகத்திலும் புகத் தோன்றும். ஒன்றும் ஆகவில்லை என்பது செய்தது சரி என்பதற்குச் சான்றாகாது. விபத்து நடந்த நாளை மட்டும் ஆராய்ந்து, நடக்காத நாட்களை ஆராயாமல் விடுவதால், பிழைகள் பாராட்டுப் பெற்றே வளர்கின்றன.

இதற்கு மாறாக, பாதி வழியில் திரும்பி வந்தவரின் நிலை என்ன? மாமல்லபுரத்துக்குப் பள்ளி மாணவியரைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரும் இதனை அறிவர். கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் கண்ட பிள்ளைகள் அடுத்துக் கேட்பது கடலில் இறங்க வேண்டும் என்பதே. அங்கே அலையின் இழுப்பு கடுமையானது. வேண்டாம் என்று ஆசிரியர் தடுத்துவிட்டால், செங்கற்பட்டு வந்து சேரும்வரை பேருந்தில் வாடிய முகங்கள்தாம். "மற்றப் பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்களே, அவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்ற கேள்வியும் வரும். தடுத்ததால் எந்தக் குழந்தை பிழைத்தது என்று அந்த ஆசிரியரால் ஒருநாளும் காட்ட முடியாது. அப்படி ஒரு குழந்தை இருந்ததா என்பதும் தெரியாது. நேராமற்போன தீமைக்குச் சாட்சியில்லை. புகழும் சான்றும் இல்லாமல் செய்ய வேண்டிய அறம் இது. ஆதலால்தான் இது கடினமானது.

அஞ்சினால் உலகம் நடக்குமா?

இவ்வாறு எல்லாவற்றுக்கும் அஞ்சித் திரும்பினால் உலகம் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. படைவீரர் பறந்தாக வேண்டும்; மருத்துவர் செல்ல வேண்டும்; மீனவர் கடலில் இறங்க வேண்டும். விழிப்பும் அச்சமும் ஒன்றல்ல என்பதே இதற்கு விடை. நம் முனிவர்கள் மழைக்காலத்தில் சாதுர்மாசம் காத்து ஓரிடத்தில் தங்குகிறார்கள். ஈர நிலத்தில் எண்ணற்ற சிற்றுயிர்கள் தோன்றியிருக்கும். அவற்றை மிதியாது நடப்பது அரிது என்பதே காரணம். அவர்கள் நடத்தலையே துறந்தவர் அல்லர். நான்கு மாதம் தங்குபவர் எட்டு மாதம் நடக்கிறார். காலம் அறிந்து நிற்பதும் காலம் அறிந்து செல்வதும் ஒரே ஒழுக்கத்தின் இரு பகுதிகள்.

நம் கடற்கரை மீனவரிடமும் இவ்வறிவைக் காணலாம். கோவளம் தொடங்கிச் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் விடியுமுன் கரையில் நின்று, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தபின்னரே படகைத் தள்ளுகின்றனர். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. முன்னதாகவே கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. கரையில் ஏற்றிய படகை எவரும் கோழைத்தனம் என்று இகழ்வதில்லை.

ஆனால் அன்று அவர்கள் வீட்டில் உலை வைக்க வருவாய் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. எச்சரிக்கைக்கு ஒரு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் கொடுப்பவர் எளியவரே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. அக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது. மீன்வளம் பெருகுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடாயினும் இதில் ஒரு நீதி அடங்கியிருக்கிறது. ஒருவரை "நில்" என்று சொல்லும் சமுதாயம், அவர் நிற்பதால் வரும் இழப்பில் தானும் பங்கேற்க வேண்டும். அவ்வாறு பங்கேற்காமல் விழிப்பை மட்டும் உபதேசித்தல் வசதியுள்ளவர் செய்யும் வீண்பேச்சாகிவிடும்.

காத்திருப்போரின் பங்கு

இழப்பில் பங்கேற்க மறுப்பவர் யார் என்று தேடினால், அவர் தொலைவில் இல்லை. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே எண்ணுவது நம் மரபு. மேலே கூறிய இரு விபத்துகளிலும் விமானியை எவரேனும் விரைவுபடுத்தினர் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. நாம் சொல்வது நம்மைப் பற்றி. வாகனத்தை ஓட்டுபவர் ஒருவரே. அவரை விரட்டுகிற குரல்களோ பல.

பெருமழை நாளில் ஏரி நிறைந்து கலங்கல் வழியே பாயும் வெள்ளம் தரைப்பாலத்தை மூடியிருக்கும். வேன் ஓட்டுநர் தயங்கி நிற்பார். "முன்னால் ஒரு லாரி போயிற்றே, நீயும் போ" என்று உள்ளிருந்து ஒரு குரல் எழும். திருமணத்துக்கு நேரமாயிற்று என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் ஓட்டுநரைத் தூங்கவிடாமல் விரட்டும் பெரியவர்கள் உண்டு. மழையால் விமானம் புறப்படவில்லை என்றதும் பணியாளரிடம் உரக்கப் பேசும் படித்தவர்களும் உண்டு. இவர்கள் எவரும் தீயவர் அல்லர். எவர் உள்ளத்திலும் கொலை எண்ணம் இல்லை. ஆயினும் விழிப்போடு நிற்க நினைத்த ஒருவரின் உறுதியை ஒவ்வொருவரும் சிறிது அரித்திருக்கிறார்கள். நாள்தோறும் நல்லபடியாக முடிவதால் அவர்கள் அதை அறிவதே இல்லை.

ஆகவே நாம் மேற்கொள்ளத்தக்கவை மூன்று. இறந்தவரைப் பற்றிப் பேசும்போது, நேர்ந்த தவற்றையும் குற்றத்தையும் ஒன்றாக்காமல் நாவை அடக்குதல் முதலாவது. விதி என்ற சொல்லை, துயருற்ற குடும்பத்தாரைத் தேற்றும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நம் கடமையைத் தட்டிக்கழிக்கும் சாக்காக ஆளாதிருத்தல் இரண்டாவது. தாமதமாக வந்தவரையும், பாதியில் திரும்பியவரையும், "இன்று வேண்டாம்" என்று சொன்னவரையும் காரணம் கேட்டு வருத்தாமல் வரவேற்றல் மூன்றாவது. மூன்றாவதே எளிதாகத் தோன்றினும் கடினமானது; ஏனெனில் அது நம் பணத்தையும் நேரத்தையும் சற்றுக் கேட்கும்.

ஓட்டுநர் ஒருவர் அடுத்த மழைநாளில் வெள்ளத்தின்முன் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார். அப்போது பின்னிருக்கையிலிருந்து, "நிறுத்தியது நல்லதப்பா, நீர் வடியட்டும், காத்திருப்போம்" என்னும் சொல் நம் வாயிலிருந்து எழுமாயின், அதுவும் அகிம்சா தருமத்தின் ஒரு பகுதியே ஆகும்.